முத்துமீன் கையில கிடைச்சா என்ன பண்ணணும்: லேபிள்ல இருந்து சயின்டிஃபிக் பேர் வரைக்கும் முழு வழிகாட்டி

கடல் அட்டைக்குள்ள இருந்தோ சிப்பிக்குள்ள இருந்தோ கண்ணாடி மாதிரி, ஒல்லியா, வால் ஊசியா முடியுற ஒரு மீன் (இதான் முத்துமீன்) வெளிய வந்தா நிறைய பேரு முதல்ல பண்றது ஒரு போட்டோ எடுத்து, ஆன்லைன்ல தேடி, ஒத்துப்போற மாதிரி தெரியுற முதல் பேரை எழுதிடறதுதான். அந்தப் பேரு ஒரு டேட்டாபேஸ்ல ஏறும், அங்க இருந்து இன்னொருத்தர் எடுத்துக்குவாரு, பத்து வருஷம் கழிச்சு அதை எடுக்கவே முடியாது. இந்த வழிகாட்டி போற வரிசையே வேற: ஸ்பெசிமன் (பத்திரப்படுத்தி வச்ச மாதிரி உயிரு) முதல்ல, குணங்கள் (பல்லு, துடுப்பு மாதிரி உடம்பு அடையாளங்கள்) அடுத்து, பேரு கடைசி.

முத்துமீனை வச்சு சொல்றதுக்குக் காரணம், கடல் உயிர்களை வகைப்படுத்தும்போது வர்ற தொல்லை அத்தனையும் இந்த ஒரே குடும்பத்துல இருக்கு. வால் உடைஞ்சிருக்கும், குஞ்சு பெருசு மாதிரியே இருக்காது, பேரும் பலதடவ மாறியிருக்கு. இங்க பழகிட்டா மத்த மீனுக்கும் இதே வரிசை போதும்.

1. கடலுக்குப் போறதுக்கு முன்னாடி

பர்மிட் முதல்ல. முத்துமீனைத் தேடறவங்க உண்மையில எடுக்கிறது கடல் அட்டை, நட்சத்திர மீன், சிப்பி இதெல்லாம்தான். கடல் அட்டை பல நாடுகள்ல பாதுகாக்கப்பட்ட உயிரு. பர்மிட் இல்லாம எடுத்த ஸ்பெசிமனை நல்ல மியூசியம் எதுவும் வாங்கிக்காது, மியூசியத்துல இல்லாத ஸ்பெசிமனை வச்சு பின்னால எதையும் நிரூபிக்க முடியாது.

கையில வேண்டியது: சின்ன ட்யூப்கள்ல 95% எத்தனால், 10% ஃபார்மலின் (புளிச்சுப் போகாம இருக்க போராக்ஸ் போட்டது), தண்ணியில கரையாத பேப்பர், பென்சில், நல்ல ஃபோர்செப்ஸ், பிளேடு, ஸ்கேல், கேமரா. பின்னால ஒரு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பும் எக்ஸ்ரே எடுக்க ஒரு வழியும் வேணும். எக்ஸ்ரே இல்லாம முத்துமீன்ல ஸ்பீசிஸ் (இனம்) வரைக்கும் போறது ரொம்பக் கஷ்டம், அதனால எங்க எடுக்கப்போறோம்னு இப்பவே பேசி வச்சுக்கோங்க. பேனா வேண்டாம், எத்தனால் பட்டா மை ஓடிடும்.

2. ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது பண்ண வேண்டியது, இதே வரிசையில

முதல்ல போட்டோ. உயிரோட இருக்கும்போது உடம்பு கிட்டத்தட்ட ஒளி ஊடுருவுற மாதிரி இருக்கும், உள்ள முதுகெலும்பு தெரியும், பக்கவாட்டுல வெள்ளிப் பளபளப்பு இருக்கலாம். ஃபார்மலின்ல போட்ட பிறகு எல்லாமே மங்கலா ஒரே வெளுப்பா ஆயிடும், அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இடது பக்கம் மேல தெரியுற மாதிரி படுக்க வச்சு, ஸ்கேலையும் நம்பரையும் ஃபிரேமுக்குள்ள வச்சு எடுங்க.

ரெண்டாவது டிஷ்யூ. வலது பக்கத்துல இருந்து ஒரு சின்னத் துண்டு தசையை வெட்டி எத்தனால்ல போடுங்க. ஏன் வலதுன்னா படம் வரையறது, அளக்கறது, எண்ணறது எல்லாமே வழக்கமா இடது பக்கத்துலதான், அதை முழுசா விட்டு வைக்கணும். மூணாவதுதான் ஃபார்மலின். இந்த வரிசையை மாத்தினா தொலைஞ்சுது, ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துடும், அப்பறம் எத்தனால்ல போட்டாலும் பழைய நிலைமைக்கு வராது. மீன் நல்லா இறுகின பிறகு தண்ணியில அலசி 70% எத்தனாலுக்கு மாத்திடலாம், ரொம்ப நாள் அங்கதான் இருக்கப்போகுது.

லேபிள் ஜாடிக்கு உள்ள போகணும். வெளிய ஒட்டின ஸ்டிக்கர் உரிஞ்சு விழுந்துடும், ஜாடி கைமாறும்போது இதான் அடிக்கடி நடக்குது. லேபிள்ல இடம், அட்சரேகை தீர்க்கரேகை, ஆழம், தேதி, எடுத்தவர் பேரு, நம்பர் இதெல்லாம் இருக்கணும். முத்துமீனுக்கு இன்னும் மூணு வேணும்: எந்த உயிருக்குள்ள இருந்துச்சு, அதோட உடம்புல எந்த இடத்துல இருந்துச்சு (கடல் அட்டை மூச்சு விடற உறுப்பான மூச்சு மரத்துலயா, உடல் குழியிலயா, சிப்பி ஓட்டுக்கு உள்பக்கம் இருக்கிற மேன்டில்ங்கிற தசை மடிப்புக்குள்ளயா), அதே உயிருக்குள்ள கூட எத்தனை மீன் இருந்துச்சு. அந்த கடல் அட்டையையும், முடியலைன்னா தோல்ல ஒரு துண்டையாவது, அதே நம்பர் போட்டு வச்சுக்கோங்க. கடல் அட்டையை அடையாளம் காண தோலுக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன சுண்ணாம்புத் துகள்களைப் பாக்கணும். அதை மட்டும் ஃபார்மலின்ல போடாம எத்தனால்ல போடுங்க, இல்லைன்னா அமிலம் பட்டு துகள் கரைஞ்சிடும்.

3. வீட்டை வச்சு ஆளை முடிவு பண்ணாதீங்க

புதுசா வர்றவங்க அதிகமா தடுக்கி விழற இடம் இதுதான், அதனால தனியாவே சொல்றேன். "கடல் அட்டையில இருந்தா இந்த மீனு, நட்சத்திர மீன்ல இருந்தா அந்த மீனு"ன்னு ஒரு ஷார்ட்கட் ஓடிக்கிட்டு இருக்கு. காராபஸ் மூர்லானிங்கிற முத்துமீனை பொதுவா நட்சத்திர மீனோட சேத்துதான் சொல்லுவாங்க, ஆனா 1977ல வந்த ஒரு பேப்பர்ல ஒரே கடல் அட்டைக்குள்ள அந்த இனத்து மீன் 15 இருந்ததைப் பதிவு பண்ணி, நட்சத்திர மீன்கள்ல இருந்து எடுத்த 19 மீன்களோட ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. ஒரு இனம் பல வீட்டுல இருக்கும், ஒரே வகை வீட்டுல பல இனமும் இருக்கும்.

எந்த உயிர்ல இருந்துச்சுங்கிறது ஒரு தகவல், அதை லேபிள்ல எழுதணும், முடிவை அதை வச்சு எடுக்கக் கூடாது. ஒரு வகையில இது நியாயமும் கூட. வீட்டை வச்சுப் பேரு போட்டுட்டு அப்பறம் "இந்த இனம் இந்த வீட்டுல மட்டும்தான் இருக்கு"ன்னு சொன்னா நாம போட்டதையே திரும்ப எடுத்த மாதிரிதான் ஆகும்.

4. முதல்ல குடும்பம்: இது முத்துமீன்தானா?

பெரிய பிரிவுல இருந்து சின்னப் பிரிவுக்கு வாங்க. வரிசை (ஆர்டர்) ஒஃபிடிஐஃபார்மீஸ், குடும்பம் காராப்பிடே. இந்தக் குடும்பத்துல முப்பதுக்கு மேல இனங்கள் இருக்கு. எல்லாமே அடுத்த உயிருக்குள்ள வாழறதும் இல்ல, எக்கியோடான், பிரமோடான், ஸ்னைடரிடியா மாதிரி ஜீனஸ்கள் (நெருங்கின இனங்களைச் சேத்த பிரிவுகள்) பெரும்பாலும் வெளிய ஆழத்துல சுதந்திரமா இருக்கிற மீன்கள்.

இங்க குழப்பம் விலாங்கு, பாம்பு விலாங்கு வகைகளோட வரும். பாக்க வேண்டியது மலத்துவாரம் எங்க இருக்குன்னு. வளர்ந்த முத்துமீனுக்கு அது ரொம்ப முன்னாடி, கிட்டத்தட்ட தொண்டைக்குக் கீழ வந்திடும், குதத் துடுப்பும் அங்கயே, மார்புத் துடுப்புக்கு நேர் கீழயே ஆரம்பிச்சிடும். தலைப் பக்கம் மட்டும் வெளிய நீட்டி கழிவை விட்டுட்டு உள்ள போயிடற வாழ்க்கைக்கு இந்த உடம்பு தோதா இருக்கு. அடுத்தது, நேருக்கு நேரா வச்சுப் பாத்தா குதத் துடுப்போட கதிர்கள் (துடுப்பைத் தாங்குற மெல்லிய கம்பிகள்) எதிர்ல இருக்கிற முதுகுத் துடுப்புக் கதிர்களைவிட நீளமா இருக்கும். செதில் இருக்காது, செவுள் மூடி பின்னால முள்ளு இருக்காது, செவுள் வாய் நல்லா அகலமா திறக்கும். விலாங்குக்கு அது ஒரு சின்ன ஓட்டை மாதிரிதான் இருக்கும்.

இடுப்புத் துடுப்பு இல்லைங்கிறதை மட்டும் வச்சு முடிவுக்கு வராதீங்க. விலாங்குக்கும் அது கிடையாது.

5. அடுத்து ஜீனஸ்: வாயைத் திறந்து பாருங்க

மீனோட வெளி வடிவம் இங்க அவ்வளவா உதவாது, எல்லாமே ஒல்லிதான். மைக்ராஸ்கோப்புக்கு அடியில வச்சு ஊசியால வாயை மெதுவா திறங்க. முன் தாடையில பெரிய கோரைப்பல், அதுக்குப் பின்னாடி பல்லே இல்லாம ஒரு இடைவெளி, அப்பறம் சின்னப் பல்லுன்னு இருந்தா எக்கியோடான் இல்லைன்னா ஓனக்சோடான் பக்கம் போங்க. ஓனக்சோடான்தான் சிப்பிக்குள்ள இருக்கிற வழக்கமான ஆளு. அந்த இடைவெளி இல்லைன்னா காராபஸ், எங்கீலியோஃபிஸ் பக்கம்.

இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் பெரிய இழுபறி. மேல்தாடை எலும்பு தனியா அசையுதா இல்ல தோலுக்குள்ள மூடி ஒட்டிக்கிட்டு இருக்கா, பல்லு எத்தனை வரிசை, எவ்வளவு பெருசு, மார்புத் துடுப்பு எவ்வளவு நீளம் இதெல்லாம் குறிச்சு வச்சுக்கோங்க. எங்கீலியோஃபிஸ் வெர்மிகுலாரிஸ்க்கு மார்புத் துடுப்பே கிடையாது, இந்த மாதிரி ஒரு குணம் கிடைச்சா வேலை சுலபம். அது கடல் அட்டையோட உள்ளுறுப்பையே தின்னு வாழற ஒட்டுண்ணி. காராபஸ் பக்கத்து ஆளுங்க பெரும்பாலும் உள்ள தங்கிட்டு வெளிய வந்து இரை தேடறவங்க. அதனால வயித்துல என்ன இருந்துச்சுன்னு பாத்து எழுதினா பின்னால வர்றவங்களுக்கு ரொம்ப உதவும்.

ஒவ்வொரு குணத்தையும் பாத்த உடனே எழுதுங்க. முதல்ல "இது காராபஸ்"னு மனசுல முடிவு பண்ணிட்டு பல்லைப் பாத்தா கண்ணு அந்தப் பல்லையேதான் பாக்கும்.

6. ஸ்பீசிஸ்: எண்ணறதுதான் வேலை, ஆனா எதை எண்ணறதுன்னு தெரியணும்

மத்த மீன்ல மொத்த முள்ளெலும்பு (முதுகெலும்போட ஒவ்வொரு கணு) எத்தனை, துடுப்புக் கதிர் எத்தனைன்னு எண்ணி முடிச்சிடலாம், மொத்த நீளத்துக்கு விகிதம் போட்டுடலாம். முத்துமீன்ல இது உதவாது. அந்த ஊசி வால் அடிக்கடி உடையும், உடைஞ்ச இடம் ஆறி முடிஞ்சு பாக்கறதுக்கு முழு வால் மாதிரியே இருக்கும், அதை நம்பி மொத்தம் எண்ணினா ஒரே இனத்துல ஆளுக்கு ஒரு எண்ணிக்கை வரும், புது இனம் கிடைச்சதா நினைச்சுக்குவீங்க.

இதுக்கு வழி 1990ல மார்க்கிள், ஆல்னி ரெண்டு பேரும் இந்தக் குடும்பத்தை முழுசா மறுபடி ஆராஞ்சபோது பயன்படுத்தின எண்ணிக்கைகள்ல இருக்கு. தலைப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு முதல் 30 முள்ளெலும்பு வரைக்கும் மட்டும் எடுத்துக்கோங்க. அந்த எல்லைக்குள்ள முதுகுத் துடுப்புக் கதிர் எத்தனை, குதத் துடுப்புக் கதிர் எத்தனைன்னு எண்ணுங்க. கூடவே முதுகுத் துடுப்பு எத்தனாவது முள்ளெலும்புக்கு மேல ஆரம்பிக்குது, அது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே குதத் துடுப்புல எத்தனை கதிர் வந்திருச்சு, வயித்துப் பகுதி முள்ளெலும்பு எத்தனைன்னு. வால் எங்க உடைஞ்சிருந்தாலும் இந்த எண்கள் மாறாது. இதுக்குத்தான் எக்ஸ்ரே, இவ்வளவு மெல்லிசான கதிர்களை வெறும் கண்ணால நம்பிக்கையா எண்ண முடியாது.

அளவுகளையும் மொத்த நீளத்தோட ஒப்பிடாம தலை நீளத்தோட ஒப்பிடுங்க, காரணம் அதேதான். எண்ணினதை இன்னொரு நாள் குறிப்பைப் பாக்காம மறுபடி எண்ணுங்க, ரெண்டும் ஒத்துவரலைன்னா முள்ளெலும்பு ஒண்ணை எங்கயிருந்து எண்ண ஆரம்பிச்சீங்கங்கிறதுலதான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும்.

7. குஞ்சு கிடைச்சா

முத்துமீன் குஞ்சுக்கு ரெண்டு கட்டம். முதல் கட்டத்துல முதுகுத் துடுப்புக்கு முன்னாடி கொடி மாதிரி ஒரு நீளமான இழை நீட்டிக்கிட்டு மிதக்கும், இதுக்குப் பேரு வெக்சிலிஃபர். அடுத்த கட்டம் டெனுயிஸ், இழை போயிட்டு உடம்பு ரொம்ப நீளமா நூலாட்டம் இருக்கும், ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்ச பிறகு உடம்பு சுருங்கி நீளம் குறையும். அதனால நீளத்தை வச்சு வயசு சொல்ல முடியாது, சின்னது இளசு பெருசு கிழடுங்கிற கணக்கு இங்க எடுபடாது.

வெக்சிலிஃபர்ங்கிறது 19ம் நூற்றாண்டுல ஒரு தனி ஜீனஸோட பேராவே வச்சது. அது குஞ்சுன்னு அப்பறம்தான் தெரிஞ்சது. இன்னிக்கும் பிளாங்டன் வலையில வர்ற குஞ்சை பெரிய மீனுக்கு எழுதின கீயை (குணங்களை ஒவ்வொண்ணா கேட்டு இனத்துக்குக் கொண்டுபோற பட்டியல்) வச்சு ஓட்டிப் பாக்கிறாங்க, அதுல எதிர்பாக்கிற பல்லும் தாடையும் குஞ்சுக்கு இன்னும் வந்தே இருக்காது. குஞ்சுக்கு முள்ளெலும்பு எண்ணிக்கையையும் டிஎன்ஏவையும் மட்டும் நம்புங்க.

8. டிஎன்ஏ: சாட்சி, நீதிபதி இல்ல

மீன்களுக்கு வழக்கமா எடுக்கிறது சிஓஐங்கிற (COI) ஜீன்ல சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. அதை ஜென்பேங்க், போல்டுங்கிற (BOLD) டிஎன்ஏ டேட்டாபேஸ்கள்ல தேடினா ஒரு பேரும் ஒரு சதவீதமும் வரும். அதோட நிறுத்திடாதீங்க, அந்த சீக்வென்ஸுக்குப் பின்னால மியூசியத்துல ஸ்பெசிமன் இருக்கா, அதை யாரு எதை வச்சு அடையாளம் கண்டாங்கன்னு பாருங்க. ஸ்பெசிமன் இல்லாத 99% ஒற்றுமையைவிட ஸ்பெசிமன் இருக்கிற 97% எனக்குப் பெருசு. தப்பாப் பேரு போட்ட சீக்வென்ஸோட உங்க மீன் அழகா பொருந்தினா அந்தத் தப்பு ரெண்டாகுது, அவ்வளவுதான். இத்தனை சதவீதம் வித்தியாசம்னா வேற இனம்னு எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவா ஒரு எல்லையும் கிடையாது. எண்ணிக்கையும் டிஎன்ஏவும் ஒரே பக்கம் காட்டினா நல்லது, முட்டிக்கிட்டா ஸ்பெசிமனுக்குத் திரும்பிப் போய் மறுபடி எண்ணுங்க.

9. இப்பதான் பேரு: சரியான பேரைத் தேடறது

ஒரு இனத்துக்கு நிறைய பேரு இருந்திருக்கும், அதுல செல்லுபடியாகறது ஒண்ணுதான். தேடறதுக்கு கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயின்சஸ் நடத்துற எஷ்மெயர் கேட்டலாக் ஆஃப் ஃபிஷஸ்ல ஆரம்பிங்க, ஏன்னா அதுல ஒவ்வொரு பேரும் முதல்ல எங்க வந்துச்சு, டைப் ஸ்பெசிமன் (அந்தப் பேருக்கு ஆதாரமா வச்ச மாதிரி) எந்த மியூசியத்துல இருக்கு, இப்ப எந்தப் பேரா எடுத்துக்கறாங்கன்னு மூணும் இருக்கு. அதுக்குப் பிறகு வோர்ம்ஸ் (WoRMS, கடல் உயிர்ப் பேர்ப் பட்டியல்), ஃபிஷ்பேஸ் (மீன் டேட்டாபேஸ்) பாத்து ஒப்பிடுங்க.

ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய் பாப்போம். மத்தியதரைக் கடல் முத்துமீனை இப்ப காராபஸ் ஆக்கஸ் (புருன்னிக், 1768)னு எழுதறோம். அந்த அடைப்புக்குறி சும்மா அழகுக்கு இல்ல. புருன்னிக் 1768ல வச்ச பேரு ஜிம்னோட்டஸ் ஆக்கஸ், ஜிம்னோட்டஸ்ங்கிறது தென் அமெரிக்க நன்னீர் கத்திமீன்களோட ஜீனஸ். பின்னால ராஃபினெஸ்க் 1810ல காராபஸ்னு ஜீனஸ் உண்டாக்கினதும் ஆக்கஸ் அங்க போயிடுச்சு, ஜீனஸ் மாறினதைக் காட்டத்தான் அடைப்புக்குறி. பெர்முடா முத்துமீனும் இப்படித்தான், ஜோன்ஸ் 1874ல அதை லெஃப்ராயியாங்கிற ஜீனஸ்ல வச்சாரு, இப்ப அது காராபஸ் பெர்முடென்சிஸ் (ஜோன்ஸ், 1874). எங்கீலியோஃபிஸ் வெர்மிகுலாரிஸ் முல்லர், 1842 மட்டும் அடைப்புக்குறி இல்லாம வரும், ஏன்னா முல்லர் வச்ச ஜீனஸ்லயே அது இன்னும் இருக்கு. அடைப்புக்குறியை இஷ்டத்துக்குப் போடறதும் எடுக்கறதும் நான் திருத்தற ரிப்போர்ட்டுகள்ல அடிக்கடி பாக்கற தப்பு.

பேரு ஏன் மாறுதுன்னு ரெண்டு மூணு காரணம் தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு, ஒரே இனத்துக்கு ரெண்டு பேரு ரெண்டு தடவ வச்சிருந்தா மூத்தது நிக்கும். கணக்கு 1758 ஜனவரி 1ல இருந்து ஆரம்பிக்குது, அதுக்கு முன்னாடி வந்த பேரு எதுவும் செல்லாது. ரெண்டு, ரெண்டு வேற விலங்குக்கு ஒரே ஜீனஸ் பேரு இருக்கக் கூடாது. கூவியே 1816ல அதே கத்திமீன்களுக்கு காராபஸ்னு பேரு வச்சாரு, ராஃபினெஸ்க் ஆறு வருஷம் முந்திட்டதால கூவியே வச்சது செல்லல. பழைய புத்தகத்துல காராபஸ்னு பாத்தா நன்னீர் மீனா கடல் மீனான்னு பாத்துட்டு எடுங்க. மூணாவது, ஆராய்ச்சியில உறவுமுறை மாறி ஜீனஸ் மாறறது. காராபஸ் ஹோமெய்னு பழைய பேப்பர்கள்ல இருக்கிற அதே மீன்தான் இப்ப எங்கீலியோஃபிஸ் ஹோமெய், இன்னும் பழசுல ஃபியராஸ்ஃபர்னு பேரு போட்டிருந்தா அதையும் முத்துமீன்னே எடுத்துக்கலாம். பழைய ஆராய்ச்சிப் பேப்பர்களைத் தேடும்போது எல்லாப் பழைய பேரையும் போட்டுத் தேடலைன்னா பாதித் தகவல் கண்ணுல படாமலே போயிடும்.

10. எழுதற முறை

ஜீனஸ், ஸ்பீசிஸ் ரெண்டையும் லத்தீன் எழுத்துல சாய்வா எழுதணும், ஜீனஸ் முதல் எழுத்து பெருசு, ஸ்பீசிஸ் எப்பவும் சின்ன எழுத்து, ஊர் பேர்ல இருந்து வந்த பெர்முடென்சிஸா இருந்தாலும் சரி. குடும்பப் பேரு சாய்வு கிடையாது. ஜீனஸ் மாறும்போது ஸ்பீசிஸ் பேரு உரிச்சொல்லா இருந்தா விகுதி மாறலாம், பெயர்ச்சொல்லா இருந்தா மாறாது, ஆக்கஸ் ஊசின்னு வர்ற பெயர்ச்சொல், எங்க போனாலும் ஆக்கஸ்தான்.

ஸ்பீசிஸ் வரைக்கும் போக முடியலைன்னா வெட்கப்படாதீங்க. ஜீனஸ் மட்டும் உறுதின்னா ஜீனஸ் பேரு போட்டு "எஸ்பி" (sp.) போதும், ஒரு இனத்தை ஒத்திருக்கு ஆனா உறுதி இல்லைன்னா "சிஎஃப்" (cf.), அதுக்கு நெருக்கமான ஆனா வேற இனம்னு தோணினா "அஃப்" (aff.). கூடவே ஏன்னு ஒரு வரி எழுதுங்க: வால் உடைஞ்சது, எக்ஸ்ரே இல்ல, குஞ்சுன்னு. நேர்மையான ஒரு எஸ்பி தப்பான முழுப் பேரைவிட பல மடங்கு உபயோகம், ஏன்னா அதை யாராவது வந்து முடிப்பாங்க, தப்பை யாரும் திறந்தே பாக்க மாட்டாங்க.

11. நிஜமாவே புதுசா இருந்தா

எண்ணிக்கை எதோடயும் ஒத்துவரல, டிஎன்ஏவும் தள்ளி நிக்குது. அப்பவும் உடனே புது இனம்னு அறிவிக்காதீங்க. பழைய பேருகள் ஒவ்வொண்ணோட டைப் ஸ்பெசிமனையும் நேர்லயோ எக்ஸ்ரே வாங்கியோ பாக்கணும், "மதிப்பு இல்லாதது"ன்னு ஒதுக்கி வச்ச பேருகளையும் சேத்து. உங்க "புது" மீனுக்கு 150 வருஷம் முன்னாடியே யாராவது பேரு வச்சிருக்கலாம்.

அதெல்லாம் தாண்டினா விலங்குப் பேருக்கான சர்வதேச விதித்தொகுப்பு கேக்கறதைச் செய்யணும். 1999க்குப் பிறகு வர்ற ஸ்பீசிஸ் பேருக்கு அது புதுசுன்னு வெளிப்படையா சொல்லணும், எது ஹோலோடைப்னு (அந்தப் பேரைத் தாங்குற ஒரே ஸ்பெசிமன்) சுட்டணும், அதை எந்த மியூசியத்துல வைக்கப்போறோம்னு எழுதணும். மத்த இனங்கள்ல இருந்து எதுல வேறுபடுதுன்னு சொல்ற விளக்கமும் கட்டாயம். ஆன்லைன்ல மட்டும் வர்ற ஜர்னல்னா வெளியாகறதுக்கு முன்னாடியே ஜூபேங்க்ல (விலங்குப் பேருகளுக்கான ஆன்லைன் பதிவேடு) பதிவு பண்ணி, அந்தப் பதிவுக்கான ஆதாரம் பேப்பருக்குள்ளயே இருக்கணும், எலக்ட்ரானிக் வெளியீட்டை 2012ல வந்த திருத்தம்தான் அனுமதிச்சது.

ஹோலோடைப்பா முழு வாலோட இருக்கிற, பெரிய, எக்ஸ்ரே எடுத்த, டிஷ்யூ எடுத்து வச்ச மீனைத் தேர்ந்தெடுங்க. அந்தப் பேரு இனிமே என்னைக்கும் இந்த ஒரு ஸ்பெசிமன்லதான் தொங்கும், பின்னால இனம் ரெண்டா பிரிஞ்சாலும் எந்தப் பாதிக்கு இந்தப் பேருன்னு இது எந்தப் பக்கம் போகுதுங்கிறதை வச்சுத்தான் முடிவாகும். அந்த இனத்தை விவரிக்கப் பயன்படுத்தின மத்த மீனெல்லாம் பாராடைப், முடிஞ்சா அதை வேற ஒரு மியூசியத்துக்கும் கொடுங்க, தீயோ வெள்ளமோ வந்தா ஒண்ணாவது மிஞ்சும்.

பேப்பர் வர்ற வரைக்கும் அந்தப் பேரை போஸ்டர்ல, சோஷியல் மீடியாவுல, ஸ்டூடன்ட் தீசிஸ்ல எங்கயும் விடாதீங்க. விளக்கம் இல்லாம வெளிய வந்த பேரு செல்லாது, ஆனா மக்கள் அதை எடுத்து எழுத ஆரம்பிச்சிடுவாங்க, இன்னொருத்தர் அதே பேரை முறைப்படி வெளியிட்டா உரிமை அவருக்குப் போயிடும். வெளிவந்த உடனே சீக்வென்ஸை மியூசியம் நம்பரோட ஜென்பேங்க்ல ஏத்துங்க, பேப்பரை கேட்டலாக் ஆஃப் ஃபிஷஸுக்கும் வோர்ம்ஸுக்கும் அனுப்பி வைங்க, கடல் அட்டைத் துண்டையும் அதே மியூசியத்துல அதே நம்பரைக் குறிச்சு சேர்த்துடுங்க.